சமையலறையில் நான்கு டயர்கள்

ஜூன் 7, வெள்ளி

டயர் காற்றைக் காட்டும் பொட்டி வந்துவிட்டது. துடியலூர் கடைவீதியில் கார் சாமான் விற்கும் ரபீக்கிடம் சொல்லி வைத்திருந்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை ஒன்று. டயருக்குக் காற்றடிக்கிற வால்வில் மாட்டும் மூடிகள் நான்கு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சென்சார். எந்த டயரில் எவ்வளவு காற்று இருக்கிறதென்று திரையில் எண் தெரிந்துகொண்டே இருக்குமாம். குறைந்தால் சிவப்பு விளக்கு எரிந்து கத்துமாம்.

மரகதத்தின் வண்டிக்குத்தான். ஆர்.சி. என் பேரில் இருக்கிறது, இருந்தும் அது அவள் வண்டி. ஜனவரியில் என் சம்சாரத்துக்குத் தலைமையாசிரியை என்று பதவி உயர்வு கொடுத்து, கோத்தகிரிப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு டீச்சரோடு அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமையானால் தனியாக மலை இறங்கி வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏறிப் போகிறாள். ஏப்ரலில் ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் பின் டயர் காற்றுப் போய் நின்றிருக்கிறாள். யாரோ தேயிலை லாரிக்காரர் இறங்கி ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்தாராம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மில்லில் ஈரப்பதம் பார்க்கிற வேலையிலேயே காலம் தள்ளி, போன வருஷம் ரிட்டயர் ஆனவன் நான். மானியில் முள் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 8, சனி

கோடை லீவில் மரகதமும் வண்டியும் இங்கேதான், அதனால் வெயில் ஏறுவதற்கு முன் மாட்டிவிட்டேன். ஓடி வந்த டயரில் சூட்டுக்கு எண் கூடுதலாகக் காட்டும். ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு. டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முப்பத்து மூன்று என்று போட்டிருக்கிறது. கால் பம்பை மிதித்து நான்கு டயரையும் அந்த எண்ணுக்குக் கொண்டுவந்தேன். பழைய மூடியைக் கழற்றிவிட்டு முதலில் ஒரு சின்ன நட்டை ஏற்ற வேண்டும், அப்புறம் சென்சாரைத் திருக வேண்டும், கடைசியில் நட்டை மேலே கொண்டுவந்து ஸ்பேனரால் இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் போகிற வருகிறவன் கையாலேயே கழற்றிக்கொண்டு போய்விடுவான். எல்லாம் முடித்து ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தேன். ஒரு குமிழிகூட இல்லை.

மரகதம் வாசற்படியில் உட்கார்ந்து காபி குடித்தபடி வேடிக்கை பார்த்தாள். டயருக்கெல்லாம் காய்ச்சல் பார்க்கிற ஆள், வீட்டில் ஒருத்திக்குத் தலைவலி என்றால் மாத்திரை எங்கே இருக்கிறதென்று கேட்பார் என்று கிண்டல் செய்தாள். பெட்டியோடு வந்த விளக்கத் தாளை எடுத்து இரண்டு பக்கமும் படித்தாள். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட விரித்துப் படிக்கிறவள். கணக்கு டீச்சர் புத்தி.

திரைக்கு முதல் தடவை முழு சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று ரபீக் சொல்லியிருந்தான். சமையலறை அலமாரியில், மிக்ஸிக்குப் பக்கத்தில் போன் சார்ஜரில் சொருகி வைத்தேன். வண்டி போர்ட்டிகோவில் நிற்க, சமையலறையில் நான்கு எண்களும் வரிசையாகத் தெரிந்தன. பார்க்க நிறைவாக இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவதாக இருந்தது. காலை டிபனோடு கிளம்பிவிட்டாள்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தது. அவளுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரைக்கும் நானும் அங்கே வந்துவிட வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருக்கிறாளாம், முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதாம், கேரட்டு கூடப் போடலாமாம். நான் மலையில் போய்க் கேரட்டுப் போடவா கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டினேன்? தென்னைக்கு யார் தண்ணீர் விடுவது, குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் யார் பிடித்து வைப்பது என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பெண்சாதி உத்தியோகம் பார்க்கிற ஊரில் போய், ஹெச்.எம். வீட்டுக்காரர் என்று பேரெடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்றேன். அதற்கு அவள் ரசப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

காலையில் இட்லி வைக்கும்போது மறுபடி கேட்டாள். வாரா வாரம் ஏறி இறங்கி அலுத்துப் போகிறது, ஏதாவது ஒரு முடிவு சொல்லுங்கள் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"வர்றதா இருந்தா வேலைய விட்டுப்போட்டு ஒரேயடியா வா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துட்டுப் போற விருந்தாளி எனக்கு வேண்டாம்."

அப்படித்தான் சொன்னேன். கோபத்தில் சொல்கிறதுதானே. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டயர் திரை சார்ஜரில் போட்டது போட்டபடி இருக்கிறது. மூடிகள் மலைமேல், திரை மிக்ஸி பக்கத்தில். காசைக் கொடுத்து வாங்கி என்ன பிரயோஜனம்?

ஜூன் 10, திங்கள்

போய்ச் சேர்ந்ததாக அவளே போன் செய்தாள். இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, நல்ல கூட்டம் என்றாள். திரையைக் கொரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சென்சார் இருக்கிறது, பார்க்கக் கண் இல்லை என்றால் எப்படி என்றேன். மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 15, சனி

வரவில்லை. சொல்லவும் இல்லை. மாம்பழம் வாங்கி வைத்திருந்தேன். எனக்குச் சர்க்கரை, சாப்பிடக் கூடாது. இரண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 22, சனி

பொட்டி கெட்டுவிட்டது போலிருக்கிறது. இத்தனை நாளும் எண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கோடுகள்தான் தெரிந்தன. சென்சார் பக்கத்தில் இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். இன்று பகலில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது திரும்பினால், நான்கிலும் எண். முப்பத்தேழு, முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தேழு. நான் ரசத்தை இறக்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்கிற வரை இருந்தது. அப்புறம் பழையபடி கோடு. தாளிப்புப் புகை உள்ளே போயிருக்கும். ரபீக்கிடம் கேட்க வேண்டும்.

இந்த வாரமும் வரவில்லை. போனில் ஸ்கூல் வேலை என்கிறாள். இருக்கட்டும்.

ஜூன் 24, திங்கள்

ரபீக் கடைக்குப் பொட்டியை எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அப்புறம் எப்படி வீட்டுக்குள்ளே எண் காட்டியது என்று சண்டைக்குப் போனேன்.

"பொட்டி தானா எதையும் காட்டாதுங்ணா. உங்க வண்டி பக்கத்துல வந்திருக்கும், அதான் காட்டியிருக்கும்" என்றான்.

வண்டி கோத்தகிரியில் இருக்கிறது என்றேன். அடுத்தவன் வண்டி சென்சாரைக் காட்டாதா என்று கேட்டேன். காட்டாதாம். இந்த நான்கு மூடிக்கும் இந்தப் பொட்டிக்கும்தான் பொருத்தமாம். சுவர் ஒன்றிரண்டு குறுக்கே இருந்தாலும் பரவாயில்லை, சுத்துவட்டாரத்தில் நின்றால் எடுத்துவிடுமாம். டீ சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஓடி வந்து சூடான டயர்தான் முப்பத்தேழு காட்டும். மலை இறங்கி வந்த டயர்.

ஜூன் 29, சனி

காலையிலிருந்து சமையலறையை விட்டு நகரவில்லை. நகராமல் இருக்க வேலையா இல்லை? அலமாரித் தட்டுகளையெல்லாம் துடைத்தேன். பருப்பு டப்பா, புளி டப்பா எல்லாவற்றையும் வெயிலில் காய வைத்தேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோடுகள் போய் எண்கள் வந்தன.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருவில் யாருமில்லை. எங்கள் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற கல், அதற்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த தெரு. அந்தப் பக்கம் கதவு கிடையாது. போக வேண்டுமென்றால் தெருவைச் சுற்றிக்கொண்டு பிள்ளையார் கோயில் வழியாகத்தான் போக வேண்டும். துவைக்கிற கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

வண்டி புங்க மரத்து நிழலில் நின்றது. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு மரகதம் உள்ளே உட்கார்ந்திருந்தாள். அந்த ஊதாச் சேலை. மடியில் டிபன் பாக்ஸ். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவள் பாட்டுக்கு. மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறை ஜன்னல் அவளுக்கு நேராக இருக்கிறது. நான் கல்லிலிருந்து இறங்கிவிட்டேன்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? சொன்னதை இல்லையென்று சொல்லவா?

ஜூலை 3, புதன்

மோட்டார் ரிப்பேர். ஆள் வந்து பார்த்தான். தென்னைக்குக் குடத்தில் சுமந்து ஊற்றினேன். யார் ஊற்றினாலும் அது குடிக்கும் என்று அன்றைக்கு அவள் சொன்னாள். சொல்லட்டும்.

ஜூலை 6, சனி

அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். சின்ன வெங்காயம் நிறைய அரிந்து போட்டு, பூண்டு தட்டிப் போட்டு, கடைசியில் நெய். ஜன்னல் இரண்டு கதவையும் திறந்து வைத்தேன், புகை போக வேண்டுமே. ரேடியோவையும் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். எனக்கு இப்போது காது மந்தமாகிக்கொண்டு வருகிறது.

எண்கள் வந்தபோது முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்து நான்கு, முப்பத்தைந்து. போன வாரத்தைவிடக் குறைவு. அப்படியென்றால் வழியில் எங்கேயோ நிறுத்தி டயர் ஆறியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி டீ குடித்திருப்பாள். நல்லது. ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு வரக் கூடாது.

ஒருத்தருக்கு ஆக்கினால் போதும். மூன்று பேருக்கு ஆக்கிவிட்டேன். மதிலுக்கு மேலே ஒரு தட்டை நீட்டினால் கை எட்டுமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. கிறுக்குத்தனம். மீதியையே ராத்திரிக்கும் சாப்பிட்டேன். நெய் வாசனை அந்தப் பக்கம் போயிருக்கும். அவளுக்கு என் கை அரிசிம்பருப்பு பிடிக்கும், தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 10, புதன்

புனேயிலிருந்து மகள் போன் செய்தாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம், ராத்திரி தூங்க விடுவதில்லையாம். பேச்சோடு பேச்சாக, "அம்மா வாரா வாரம் வந்துட்டுப் போறாங்கல்லப்பா? உங்களப் பாக்காம அம்மாவுக்கு இருக்க முடியறதில்ல" என்றாள்.

மகளிடம் மரகதம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமையானால் அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று. பொய்யும் இல்லை.

ஆமாம், வருகிறாள் என்று நானும் சொன்னேன். என்ன சமைத்துப் போட்டீர்கள் என்று கேட்டாள். அரிசிம்பருப்பு என்றேன். அம்மாவுக்குப் பிடித்தது என்று சிரித்தாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

நான்கு கோடு.

சார்ஜரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தேன். வெளியே கொண்டுபோய்த் துவைக்கிற கல்மேல் வைத்துப் பார்த்தேன். கல்மேல் ஏறியும் பார்த்தேன். புங்க மரத்தடியில் ஒரு மாடு படுத்திருந்தது. வெண்டைக்காய்ப் பொரியல் செய்திருந்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

இப்படியே வராமல் போய்விட்டால் என்ன செய்வேன்?

ஜூலை 14, ஞாயிறு

பேப்பரில் நீலகிரியில் கன மழை என்று போட்டிருந்தான். நானே போன் செய்தேன். கார் இன்சூரன்ஸ் தேதி எப்போது என்று கேட்பதுபோல் கேட்டேன். அவளுக்குக் குரல் கட்டியிருந்தது. ஜலதோஷம், லேசாகக் காய்ச்சல் என்றாள். மழையில் நனைந்தாயா என்றேன். ஆமாம் என்றாள். மிளகு ரசம் வைத்துக் குடி என்றேன். யார் வைப்பது, கூட இருக்கிற டீச்சர் ஊருக்குப் போய்விட்டாள் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எனக்கு மிளகு ரசம் வைக்கத் தெரியும். இங்கே உட்கார்ந்துகொண்டு தெரிந்து என்ன?

கல்யாணமான புதிதில் எனக்கு நைட் ஷிப்ட் என்றால் ஓர் அடி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே போய்ப் படு என்று திட்டுவேன். சைக்கிள் சத்தம் கேட்காமல் தூக்கம் வராது என்பாள். அவளுக்கு அப்போது சைக்கிள். எனக்கு இப்போது இந்தப் பொட்டி.

ஜூலை 20, சனி

வந்தாள். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு. காய்ச்சல் சரியாகியிருக்கும்.

இன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருவைச் சுற்றிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போனேன். அங்கிருந்து வண்டியின் பின்பக்கம் தெரிகிறது. அவள் தலை தெரிகிறது, ஜன்னல்மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். ஒரு பத்து அடி எடுத்து வைத்தால் போதும். இன்னும் கொஞ்சம் போவதற்குள் கால் நின்றுவிட்டது. போய் நின்றால் என்ன கேட்பாள்? எப்படித் தெரியும் என்று கேட்பாள். மதில்மேல் எட்டிப் பார்த்தேன், பல வாரமாகத் தெரியும், தெரிந்துகொண்டே உள்ளே இருந்து ரேடியோ கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த வெட்கத்தில் அவள் இந்தச் சனிக்கிழமையையும் விட்டுவிடுவாள். அப்புறம் எனக்கு இதுவும் இல்லை. கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். எதிரே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். காபி ஆற்றிக் கொடுத்து, குடிக்கிறதைப் பார்க்க வேண்டும். எழுதிவிட்டேன். கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஜூலை 27, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்கள் வரும்போது வாணலியில் கத்தரிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. நான்கும் முப்பத்தாறு. ரேடியோவை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அதுவரைக்கும் நான் கேட்டே இராத ஒரு சத்தம். பொட்டி கீ கீ என்று கத்துகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. வலது பின் டயர் பூஜ்யம். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பூஜ்யம் போய் இருபத்து நான்கு வந்தது. விளக்கு அணையவில்லை. பஞ்சர் ஆன டயரில் காற்று தானாக எப்படி ஏறும் என்று யோசிக்க வேண்டும். மானி பார்த்தே சம்பளம் வாங்கினவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் அந்தக் கொண்டை ஊசி வளைவுதான்.

போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டால் அவள் போனைத் தொட மாட்டாள்.

போய்ச் சொன்னால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இனிமேல் அந்த மரத்தடிக்கு வர மாட்டாள். சொல்லாவிட்டால் இருபத்து நான்கோடு மலை ஏறுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வராவிட்டால் போகட்டும், எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். கால் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். லுங்கி, பனியன், காலில் செருப்பில்லை. இந்தக் கோலத்தில் நான் பால் வாங்கக்கூடப் போனதில்லை.

கோயிலைத் தாண்டி வளைந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. மரகதம் கீழே இறங்கி வண்டிமேல் சாய்ந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை.

"வண்டிய எடுத்துப்போடாத. பின்னாடி டயர்ல காத்து எறங்குது" என்றேன். மூச்சு வாங்கியது.

"அப்படிங்களா" என்றாள்.

நான் வலது பின் டயரிடம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. கையால் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஆணி இல்லை, கண்ணாடி இல்லை. எச்சில் தொட்டு வால்வில் வைத்தேன். குமிழி இல்லை. சென்சாரைத் தொட்டால் நட்டு லொடலொட என்று ஆடியது. நான் இறுக்கின நட்டு அப்படி ஆடாது.

"தேடாதீங்க. ஆணியெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் அதைக் கழட்டிக் காத்தை எறக்கிவுட்டு, மறுபடி மாட்டினேன்."

நிமிர்ந்து பார்த்தேன். கையில் ஸ்பேனர் வைத்திருந்தாள். விரலெல்லாம் டயர்க் கரி.

"எதுக்கு?"

"நாலு டயரும் நல்லா இருந்தா நீங்க வரமாட்டீங்களே."

அவள்தான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை, வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். திரை வீட்டில் இருப்பது தெரிந்துதான் வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்தினாளாம். எண் வந்தால் மனிதன் எழுந்து வருவான் என்று பார்த்தாளாம். முதல் வாரம் வரவில்லை, சரி, கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் சைடு கண்ணாடியில் மதில்மேல் என் தலை எழும்பியது தெரிந்ததாம்.

"பார்த்துட்டாரு, இப்ப வருவாருன்னு சோத்தக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். தலை எறங்கிப் போச்சு. அப்பறம் அரிசிம்பருப்பு வாசம் மட்டும் வந்துது."

"உள்ள வந்திருக்கலாமுல்ல, மரகதம்."

"விருந்தாளி வேண்டாம்னீங்க. அதனால உள்ள வரல. தெருவுல நிக்கறதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே."

நான் சென்சாரைக் கழற்றிப் பம்பை மாட்டி மிதிக்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு பம்பில் இருக்கிற முள்ளே சரியாகத் தெரியவில்லை. கோயில் பக்கம் பூ விற்கிற அம்மா கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிதித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"நீ இல்லாம என்னால இருக்க முடியல. சனிக்கிழமை எப்ப வரும்னு உக்காந்திருக்கறேன். இந்தப் பொட்டியப் பாத்துட்டே உக்காந்திருக்கறேன்."

அவள் கிட்டே வந்தாள். சேலைத் தலைப்பால் என் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். பட்டப்பகலில், நடுத் தெருவில்.

முப்பத்து மூன்றைத் தாண்டி மிதித்துக்கொண்டே இருந்தேன் போல. போதும் என்று பம்பின் மேல் கையை வைத்தாள். சென்சாரைத் திருகி நட்டை இறுக்கினேன். எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"நான் வர்றது இருக்கட்டுங்க. நீங்க வர்றீங்களா?"

மலையைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. தென்னை, மோட்டார், ஆற்றுத் தண்ணீர், ஹெச்.எம். வீட்டுக்காரர் என்கிற பேர், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"வர்றேன். இன்னைக்கே வர்றேன்."

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தரிக்காய் தீய்கிற வாசனை வந்தது. அடுப்பை அணைக்கவில்லை, வீட்டைப் பூட்டவும் இல்லை. போய் அணைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, நாலு துணியை எடுத்து வருகிறேன், இங்கேயே இரு என்றேன். சரி என்று வண்டிக்குள் உட்காரப் போனாள். இரண்டு எட்டு வைத்திருப்பேன். நான் வருவதற்குள் மனசு மாறிப் போய்விட்டால் என்று ஒரு பயம் வந்துவிட்டது. திரும்பிப் போய் அவள் கையைப் பிடித்தேன். கரியோடு இருந்தது. விடாமல் இழுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி எங்கள் தெருவுக்குள் நடந்தேன். நான் லுங்கியும் பனியனும். அவள், விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பிடித்த கையை விடாமலே வீடு வரைக்கும் வந்தேன்.